மூன்று காணிக் கடல்

ஐப்பசி 17, சனி. சஷ்டி முதல் நாள்.

காலை ஐந்தரைக்குச் சென்னை விமான நிலையத்துக் குழாயில் கைகால் கழுவி, திருநீறு இட்டு, வாயை மூடினேன். இன்றிலிருந்து ஆறு நாள் மௌனம். வழக்கமான பால், பழ விரதமும் உண்டு. காப்பு நேற்றே எங்கள் ஊர் முருகன் கோயிலில் கட்டியாயிற்று. "காப்புக் கட்டிக்கிட்டுக் கடல் தாண்டலாமா சாமி?" என்று குருக்களைக் கேட்டேன். "அவனே மயில் ஏறி உலகத்தைச் சுத்தினவன்தானம்மா, தைரியமாப் போய்ட்டு வா" என்றார். அதுதான் நான் கடைசியாக வாங்கிய பதில்.

மௌனத்தில் எழுதலாமா என்று சந்தேகம் வந்தது. கம்பெனி கொடுத்த இந்த டைரியில் பால், காய், எண்ணெய், சிலிண்டர் வந்த தேதி எல்லாம் எழுதித்தானே வருகிறேன். கணக்கு எழுதுவது பேச்சாகாது. பிறருக்கு எழுதிக் காட்ட மாட்டேன், சைகையும் காட்ட மாட்டேன். அப்படி முடிவு செய்துகொண்டேன்.

பால் ஒரு டம்ளர். பேரீச்சம்பழம் நான்கு. ஜபம் நூற்றெட்டு, இரண்டு முறை. விமானம் எழும்பியபோது பயத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது, அதனால்தான் இரண்டு.

பயணம் எங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. அதிகம் சிமெண்டு விற்ற டீலர்களைக் கம்பெனி மனைவியோடு தாய்லாந்துக்கு அனுப்புகிறது. அரியலூர், பெரம்பலூர், விருத்தாசலம் பக்கத்து டீலர்கள் பத்தொன்பது பேர், மனைவிமார் பத்தொன்பது பேர், கம்பெனி மேனேஜர் ரகுநந்தன் ஒருவர். ஆக முப்பத்தொன்பது.

மௌன விரதம் ரொம்ப நாளாக மனசில் இருந்ததுதான். முந்தாநாள் சாயங்காலம் அவர் ஒரு காகிதத்தை மேசையில் விரித்தார். என் அப்பா எனக்கு எழுதிவைத்த மூன்று காணி மானாவாரிக் கொல்லையைக் கம்பெனிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. "போற எடத்துல மேனேஜரும் இருப்பாரு. அங்கயே கையெழுத்துப் போட்டுடு, நல்ல காரியம் நல்ல எடத்துல நடக்கட்டும்" என்றார். அதற்கும் விரதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஐப்பசி 18, ஞாயிறு.

கிராபி என்று ஊர். படகின் மூக்கில் நிறநிறமாகப் பட்டுத்துணி சுற்றிப் பூமாலை போட்டிருந்தார்கள். கும்பிட்டு ஏறினேன். படகோட்டி என்னைப் பார்த்துத் தானும் கும்பிட்டார். எந்தச் சாமி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடல் இப்படி இருக்கும் என்று நினைத்ததில்லை. பூம்புகாரில் பார்த்தது இரைகிற கடல். இது தூங்குகிற கடல். கரையோரம் தண்ணீரே இல்லை போல அடிமணல் தெரிகிறது. கொஞ்சம் தள்ளிப் பச்சை, அப்புறம் மயில் கழுத்து நிறம். அதன் நடுவிலிருந்து மலைகள் நேராக எழுந்து நிற்கின்றன. அடியில் அலை அரித்து அரித்து இடை சிறுத்துப்போயிருக்கிறது. மேலே காடு. பக்கத்தில் மெழுகு உருகி வழிந்த மாதிரிக் கல் விழுதுகள். படகு நெருங்கியதும் எல்லோரும் வாய் திறந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தான்.

பெண்ணாடம் டீலர் செங்குட்டுவன் ஆரம்பித்தார். "மாமா, இந்த ஒரு மலை கெடச்சா போதும். நம்ம மூணு மாவட்டத்துக்கும் முப்பது வருஷம் ஓட்டலாம்."

என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கினார். "வெள்ளையப் பாரு. மண்ணே கலக்கல. நேரா சூளைக்குப் போவும்."

"மேல கொரங்கு இருக்கு மாமா, பங்கு கேக்கும்."

"அதுக்கும் ஒரு டீலர்ஷிப் போட்டுக் குடுத்துடலாம்டா. ஒன்னவிட ஒழுங்கா வசூல் பண்ணும்."

படகே சிரித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பு மௌனத்தில் சேருமா, சேராதா, தெரியவில்லை.

செங்குட்டுவனின் மனைவி தமயந்தி என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "அக்கா, நீங்க பேசாம இருக்கறது எனக்கு நல்லதாப் போச்சு. எங்க வூட்டு ஆளப் பத்தி வேற யாருகிட்டச் சொல்றது? நீங்கன்னா திருப்பிப் புத்தி சொல்ல மாட்டீங்க" என்று தொடங்கி, இரண்டு தீவு தாண்டும்வரை சொன்னாள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

தீவுகள் மூன்று. இளநீர் இரண்டு. ஜபம் சரி.

ஐப்பசி 19, திங்கள்.

மழை. படகு விடவில்லை. விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்காக அவர் வாழைப்பழத்தை உரித்து உரித்து வைத்தார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. சாப்பிட முடியாமல் நான்கு மிச்சம்.

"நீ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல அஞ்சலை. வீடு மாதிரியே இல்ல" என்றார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு தானாகவே பேசினார். கடை வைத்த முதல் வருடம் ஆள் கூலி கொடுக்க முடியாமல் மூட்டையை அவரே சுமந்தாராம். வேர்வையில் சிமெண்டு பட்டுத் தோளில் தோல் வெந்து உரிந்துவிட்டதாம். "நீ பாத்தா அழுவேன்னு ரெண்டு மாசம் சட்டையக் கழட்டாமலே படுத்துக் கெடந்தேன்."

அந்த இரண்டு மாதமும் எனக்கு நினைவிருக்கிறது. புதுசாகக் கல்யாணமானவள், நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டு மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பேசத்தான கூடாது? கையெழுத்துப் போடலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டார். மணிக்கட்டுக் காப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். காப்போடு புதுக்காரியம் எதுவும் தொடங்குவதில்லை என்று அவருக்கும் தெரியும். "சரி, சரி. அவுத்தப்பறம் போட்டுக்கலாம்" என்று பழத்தோலை எடுத்துப் போடப் போனார்.

ஐப்பசி 20, செவ்வாய்.

இன்று பார்த்ததை எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஐந்தாம் வகுப்போடு சரி. அப்புறம் படித்ததெல்லாம் சிமெண்டு மூட்டையிலும் டெலிவரி சீட்டிலும் கோயில் புத்தகத்திலும்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் கடல் விலகி மணல் திட்டு வெளியே வந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கடலுக்கு நடுவில் நடந்தே போனோம். இரண்டு பக்கமும் தண்ணீர் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியது. நான்கு நாளாகச் சோறு இல்லாத உடம்பு, கனமே தெரியவில்லை. நடக்கிறேனா, யாராவது நடத்துகிறார்களா என்றே தெரியாத மாதிரி இருந்தது. நூற்று நாற்பது அடி எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

பிறகு ரப்பர் தோணியில் ஏற்றினார்கள். வழிகாட்டிப் பெண் பிம் துடுப்பு போட்டாள். சின்ன உருவம், கையில் மட்டும் ஆண்பிள்ளைப் பலம். மலையின் அடியில் ஒரு பொந்து. தண்ணீர் இறங்கும் நேரத்தில்தான் உள்ளே போக முடியுமாம். மல்லாந்து படுக்கச் சொன்னாள். மூக்குக்கு ஒரு சாண் மேலே கல் நகர்ந்தது. இருட்டு, வவ்வால் வாசனை, நீர் சொட்டும் சத்தம். அப்புறம் வெளிச்சம்.

மலைக்கு உள்ளே ஒரு முற்றம். சுற்றிலும் வானம் வரைக்கும் சுவர், மேலே வட்டமாக ஆகாயம், கீழே அசையாத பச்சைத் தண்ணீர். பிம் உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், செங்குட்டுவன்கூட. நான்கு நாளாக நான் மட்டும் இருந்த இடத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

பிம் சுவரில் ஓர் இடத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். ரகுநந்தன் தமிழில் சொன்னார்: "இந்த மலை மொத்தமும் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சாம். நத்தை, சிப்பி, புழு, பூச்சி செத்துச் செத்து அடுக்கினதுதான் இந்தக் கல்லாம்." கல்லில் சுருள் சுருளாகத் தெரிந்தது.

அது எனக்குத் தெரிந்த சுருள். என் கொல்லையில் ஏர் ஓட்டினால் அந்தக் கல்தான் வரும். அப்பா பொறுக்கி வரப்பில் வைப்பார். கூலிக்கு ஓட்டுகிறவர் இப்போதும் வைக்கிறார். இத்தனை நாள் அது ஏதோ கல் என்று இருந்தேன். அப்படியானால் அங்கேயும் கடல் இருந்திருக்கிறது. சோளம் நிற்கிற உயரத்துக்கு மேலே, பனைக்கு மேலே, பஸ் போகிற ரோட்டுக்கு மேலே தண்ணீர். கண்ணை மூடினால் மீன்கள் என் கொல்லையில் வரப்பு மாறி வரப்பு போயின.

என் பேர் எழுதிய காகிதம் அந்தக் கொல்லைப் பத்திரம் ஒன்றுதான். வீடு அவர் பேரில், கடை அவர் பேரில், சிலிண்டர் இன்னும் செத்துப்போன மாமியார் பேரில். பத்திரத்தில் 'அஞ்சலாட்சி' என்று இருந்ததை விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் பத்திர எழுத்து வாசிக்கப் பழகினேன். பக்கத்துக் கொல்லைகள் இரண்டும் இப்போது நூறு அடிப் பள்ளம். ஓரத்தில் நின்று பார்த்தால் லாரி தீப்பெட்டி மாதிரித் தெரியும்.

வெளியே வரும்போது என் வீட்டுக்காரர் கல்லைத் தடவிப் பார்த்து, "நம்ம கல்லுதான்" என்றார்.

ஜபம் மறந்துவிட்டது. நாளைக்குச் சேர்த்து.

ஐப்பசி 21, புதன்.

ஜபம் இரண்டு மாலை. நேற்றைய கடன் தீர்ந்தது.

மூன்று தீவு. மூன்றாவதில் ஆளே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மணலில் குச்சியால் கோடு போட்டார், அழித்தார், போட்டார்.

"அஞ்சலை, ஒண்ணு சொல்லணும். நான் மேனேஜர்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன். ஒன்னக் கேக்கறதுக்கு முன்னாடியே. ஆவணியிலயே." குச்சியைப் போட்டுவிட்டார். "கொல்லை வந்தா மாவட்ட ஏஜென்சி நமக்குன்னு சொன்னாரு. இனிமே எவன்கிட்டயும் போயி நிக்க வேணாம் பாரு, எல்லாவனும் நம்மகிட்ட வந்து எடுப்பான். அந்த ஆசதான்."

நான் கடலைப் பார்த்தேன்.

"நீ என்ன சொல்லப் போற? மாட்டேன்னு என்னைக்குச் சொல்லியிருக்க?"

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். என் தலையிலிருந்த ஓர் இலையைக்கூட எடுத்துப் போட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பெண்ணுக்கு வரன் பார்த்தது, நகை அடகு வைத்தது, மாமியாரை எங்களோடு வைத்துக்கொண்டது, கடைக்குப் பின்னால் குடிபோனது. இருபத்தேழு வருடத்தில் மாட்டேன் என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அவர் கணக்கு சரி.

நாளை சாயங்காலம் சூரசம்ஹாரம். அதன் பிறகு பேசியாக வேண்டும். ஆறு நாள் போதாது போலிருக்கிறது. இதை எழுதிய பிறகு, சம்பந்தம் இல்லை என்று முதல் நாள் எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். டைரியில் அடித்தல் திருத்தல் எனக்குப் பழக்கமில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஐப்பசி 22, வியாழன். சூரசம்ஹாரம்.

எழுத்து இன்று கோணலாகத்தான் வருகிறது.

கடைசித் தீவு. இரண்டு செங்குத்து மலைக்கு நடுவில் சின்ன மணல்கரை. மலைகளுக்கு இடையில் ஒரு சந்து. அதன் வழியாக வெளிக்கடல் நீலமாகத் தெரியும். அந்தப் பக்கம் போகாதபடி மிதவை கட்டிக் கயிறு போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. அவருக்கு நீச்சல் தெரியாது. சட்டையைப் போட்டுக்கொண்டு மல்லாந்து, காது தண்ணீருக்குள் அமிழ, கண்ணை மூடிக் கிடந்தார். சிமெண்டு தூசு இல்லாத முகம். தூளியில் போட்ட பிள்ளை மாதிரி இருந்தார். நான் கரையில் ஜபத்தில் இருந்தேன்.

மூன்றரைக்குப் பிம் விசில் ஊதினாள். இரண்டு படகு, பக்கத்தில் பக்கத்தில். எங்கள் படகுக்குப் பத்து ஜோடி, இருபது பேர். தீவில் இறங்கும்போது செருப்பைப் படகிலிருக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடுவோம், திரும்ப ஏறியதும் எடுத்துக்கொள்வோம். ஈரத்தோடு எல்லோரும் ஏறித் துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். பிம் தலை எண்ணினாள். இருபது. கட்டைவிரலைக் காட்டினாள். எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

எண்ணிக்கை சரி. ஆனால் கூடையில் ஒரு ஜோடிச் செருப்பு மிச்சம். பழுப்பு நிறம், வலது காலில் வார் தைத்தது. நான் தைக்கக் கொடுத்தது.

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் ரகுநந்தன் உட்கார்ந்திருந்தார். மற்ற படகில் வந்தவர். போகிற வழியில் காகிதத்தைப் பேசி முடிக்கலாம் என்று இதில் ஏறியிருக்கிறார். இருபதாவது தலை அவருடையது.

கடலைப் பார்த்தேன். மிதவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சந்துக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. கயிறு தொய்ந்த இடத்தின் வழியாக இறங்குகிற நீர் அவரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாது. கை காலை விரித்து வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தேன். ஆறு நாளாக மூடியிருந்த தொண்டை, காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை வந்தது.

"என்னங்க!"

இரண்டு படகிலும் இருந்த பதினெட்டு ஆண்களும் திரும்பினார்கள். ஒவ்வொருவரும் அவரவர் மனைவியைப் பார்த்தார்கள்.

"ஏங்க! என்னங்க!"

"அக்கா பேசிட்டாங்கய்யா!" என்று செங்குட்டுவன் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். "எங்க மாமா? மாமா, ஒங்களத்தான் கூப்புடறாங்க!" எஞ்சின் சத்தத்தில், கைதட்டலில், தமயந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விரதம் முடிஞ்சுதாக்கா?" என்றாள். நான் கையை நீட்டியது அவள் தோளுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. பொட்டு சிறியதாகிக்கொண்டே போனது.

ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால்கூட நான் கார்டைத்தான் நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வேன். மனசுக்குள்ளும் சொன்னதில்லை.

"கலியபெருமாள்!"

கைதட்டல் நின்றது.

"கலியபெருமாள்! கலியபெருமாள்! அதோ, கலியபெருமாளு போறாரு!"

படகில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அந்தப் பேரைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பிம்முக்கு மட்டும் தெரியாது, ஆனால் அவள்தான் முதலில் கடலைப் பார்த்தாள். படகைத் திருப்பினார்கள். கயிற்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நான் நிறுத்தவில்லை. பேர் முழுவதையும், ஒவ்வொரு எழுத்தாக, சந்து முழுக்க மோதித் திரும்புகிற மாதிரிக் கத்தினேன். மலை திருப்பிச் சொன்னது. மலையும் நானும் மாறி மாறிக் கூப்பிட்டோம்.

பிம் குதித்து அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். வெளிக்கடலின் அலை தொடங்குகிற இடம். நான்கு பேர் இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் குடிக்கவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

"யாரு கூப்பிட்டா?" என்றார். "எங்கம்மா மாதிரி இருந்துச்சு. முழுப்பேரு சொல்லி… அம்மா செத்தப்பறம் யாரு கூப்பிட்டா அப்படி?"

தமயந்தி என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால்.

விடுதிக்கு வந்து குளித்து, ஊரில் சூரனை வதைக்கிற நேரத்துக்குக் கடற்கரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். அவரும் வந்து உட்கார்ந்தார்.

"என்னால ஒன் விரதம் கெட்டுப்போச்சு."

"போனாப் போவுது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நிறுத்தினால் மறுபடி மூடிக்கொள்ளும் என்று தோன்றியது. "அந்தக் கொல்லைய நான் குடுக்க மாட்டேங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பேரு சொன்ன தைரியமா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. வாய்தான் வரல."

"நான் வாக்குக் குடுத்துட்டேனே அஞ்சலை."

"என்னுத எடுத்துக் குடுத்தீங்க."

சூரியன் ஒரு மலைக்குப் பின்னால் போய், மலை கறுத்து, ஓரம் மட்டும் எரிந்தது. "அந்தாளுகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்."

ஐப்பசி 23, வெள்ளி.

காப்பை அவிழ்த்துக் கடலில் விட்டேன்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ரகுநந்தன் தனி மேசையில் இருந்தார். முப்பது அடி இருக்கும். எல்லா மேசையும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து போனேன். "வாங்கம்மா, உக்காருங்க. நேத்து என்ன சத்தம்! சாரைக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

உட்காரவில்லை. "தம்பி, அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. அவரு என்னக் கேக்காமச் சொல்லிட்டாரு. அது அவரு தப்பு. காகிதத்தக் காட்டுன அன்னைக்கே சொல்லாதது என் தப்பு. உங்களுக்கு ஆச காட்டுன மாதிரி ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க."

அவர் முகம் மாறவில்லை, குரல்தான் மாறியது. "ஏஜென்சி வேற ஆளுக்குப் போயிடும்மா. அவசரப்படாதீங்க. ஊருக்குப் போயி, நிதானமா யோசிச்சு…"

"ஆறு நாள் யோசிச்சேன் தம்பி. வேற வேலையே பாக்கல."

திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் தட்டில் வெறும் சோறும், ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயும் வைத்துக் காத்திருந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. சோறு இத்தனை இனிப்பு என்பது மறந்துபோயிருந்தது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். தன் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை. எதிர் மேசையில் செங்குட்டுவனை ரகுநந்தன் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதையும் இவர் பார்த்தார். மாவட்ட ஏஜென்சி அவருடைய பத்து வருட ஆசை. எனக்கும் வலிக்கத்தான் செய்தது.

பெட்டி கட்டி வண்டி ஏறினோம். பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே கடைசி மலை மறைந்த பிறகு, அவர் தொண்டையைச் செருமினார்.

"ஊர்ல மழையாம். நேத்துலேருந்து."

"ம்."

"இந்தப் பட்டத்துக்கு என்ன போடலாம்னு இருக்க?"

"கொத்தமல்லி" என்றேன்.

அவர் விரலை மடக்கி நாளை எண்ணினார். "கரிசலு, ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கணும். எறங்குனதும் வீட்டுக்குப் போவ வேணாம். நேரா கொல்லைக்குப் போயிடலாம்."